கஸ்பார் கொரெரா வாங்கிய ஆம்ப்ளிஃபயரின் இடது பக்கம்

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பின்னால், உப்பு லாரிகள் பாதை தப்பி நுழைந்துவிட்டுத் திரும்ப முடியாமல் நின்று ஹாரன் அடிக்கிற ஒரு தெரு உண்டு, நங்கூரத் தெரு என்று அதற்குப் பெயர், அந்தத் தெருவின் கிழக்கு முனையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த வீட்டில், கஸ்பார் கொரெரா என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் இறங்குகிற கண்டெய்னர்களின் நம்பரைச் சரிபார்ப்பது அவருக்கு உத்தியோகம், இசைத்தட்டில் பாட்டுக் கேட்பது அவருக்கு வாழ்க்கை, கல்யாணத்தை அடுத்த வருஷம் பார்ப்போம் அடுத்த வருஷம் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளி வைத்து, பார்ப்போம் என்று சொல்லுகிற வயதையே தாண்டிவிட்டிருந்தார்.

அவர் வீட்டுப் பாட்டுப்பெட்டி ஒரு மழைக்காலத்தில் உயிரை விட்டதும், கப்பலிலிருந்து கழித்துப் போட்ட சாமான்களை விற்கிற கடைக்கு, ரேடியோ மெக்கானிக் தவசிமுத்துவையும் கூட்டிக்கொண்டு கஸ்பார் போனார். அங்கே கயிற்றுச் சுருள்களுக்கும் துருப்பிடித்த ஸ்டவ்களுக்கும் நடுவில் அந்த ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் தேக்குப் பலகை, முன்னால் கண்ணாடிக்குள் இரண்டு முள், கை நிறையப் பிடிக்கிற மாதிரி ஒரு குமிழ். கஸ்பார் அதன் முதுகில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்க மனசு வரவில்லை.

"வாங்காதீரும் வே," என்றார் தவசிமுத்து. "உமக்கும் எனக்கும் வயசான மாதிரி இதுக்கும் வயசாயிருக்கும். உள்ள கெப்பாசிட்டர் எல்லாம் காஞ்சு கருவாடாக் கெடக்கும், ஊஊன்னு ஒரு இரைச்சல் பாட்டுக்கு முன்னால வந்து ஒக்காந்துக்கிடும், குமிழைத் திருகுனா கரகரங்கும், ஒரு பக்கம் பாடும், மறுபக்கம் மூச்சு விடாது, தட்டுனா வரும், தட்டுன கையை எடுத்தாப் போயிரும், சூடு ஏறும், ஏறுன சூடு ஸ்பீக்கரைத் திங்கும், ஸ்பீக்கரைத் தின்னுட்டு அடுத்தாப்பல வீட்டைக் கேக்கும். மாத்தலாம்னா ஊர்ல பார்ட்ஸும் கெடையாது."

"லேசாச் சூடாகும், அவ்வளவுதான்," என்றார் கடைக்காரர்.

"அப்ப ஒருக்கா போட்டுக் காட்டுங்க," என்றார் தவசிமுத்து.

"இப்பக் கரண்ட் இல்லியே," என்றார் கடைக்காரர், தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க. தவசிமுத்து மின்விசிறியைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், கடைசியில் கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார், கடைக்காரர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கஸ்பார் குளித்து, வெள்ளை பனியன் போட்டு, அந்தக் காலத்து ஸ்டீரியோ இசைத்தட்டு ஒன்றை வைத்தார். குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறு பக்கமுமாகப் பிரித்துப் பதிந்த தட்டு அது. வலது ஸ்பீக்கரில் பெண் குரல் வந்தது. இடது ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. தட்டிப் பார்த்தார், ஒயரை ஆட்டிப் பார்த்தார், ஸ்பீக்கரை இடம் மாற்றிப் பார்த்தார், குரல் மட்டும் பாய் விரிக்காத தரை மாதிரி வெறுமையாக வந்துகொண்டிருந்தது.

அதே நேரத்தில், நங்கூரத் தெருவின் மேற்கு முனையில், மெல்பா மச்சாது டீச்சருடைய பச்சை நிறப் பீரோவுக்குள்ளிருந்து வயலின்கள் கிளம்பின.

மெல்பா டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், தனி ஆள். பகல் பூராவும் வெயிலில் நின்று பிள்ளைகளைக் கத்தி ஓடவைத்து, கத்தி நிறுத்தி, கத்தி வரிசைப்படுத்துகிறவர், அதனாலேயே வீட்டில் ரேடியோ கிடையாது, டிவி கிடையாது, சுவர்க் கடிகாரம்கூடச் சத்தம் போடாத ரகமாகப் பார்த்து வாங்கியிருந்தார். அப்படிப்பட்ட வீட்டில், மடித்து வைத்த சேலைகளுக்கு நடுவிலிருந்து வயலினும், புல்லாங்குழலும், அதற்குக் கீழே தபலாவும் வந்தன. டீச்சர் கதவைத் திறந்தார், சத்தம் கூடியது. மூடினார், குறைந்தது. பூட்டினார், சாவித்துவாரம் வழியாக ஒல்லியாக ஒரு புல்லாங்குழல் வந்தது. டீச்சர் பயப்படவில்லை, கோபம்தான் பட்டார். ஒரு பீரோ தானாகப் பாட ஆரம்பிக்காது, எவனோ ஒருத்தன் எங்கேயோ ஒரு சுவிட்சைப் போட்டிருக்கிறான் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தெருவில் இறங்கி, வீடு வீடாகக் காதைக் கொடுத்துக்கொண்டே நடந்து, கிழக்கு முனைக்கு வந்து சேர்ந்தார்.

"என்ன சார் பண்ணுதீங்க?"

"பாட்டுக் கேக்கேன் டீச்சர். வாத்தியம் மட்டும் வரமாட்டேங்கு."

"எப்படி வரும்? அது எம் பீரோவுக்குள்ளல்லா இருக்கு."

கஸ்பார் எழுந்து நின்றார்.

"தெளிவா வருதா டீச்சர்?" என்று கேட்டார். "இரைச்சல் ஏதும் இல்லாம?"

கோபமாக வந்த மனுஷி, பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி, "இரைச்சல் இல்ல," என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் தான் எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்து, "அதை உடனே நிறுத்துங்க," என்றார்.

கஸ்பார் நிறுத்தினார். மறுநாள் தவசிமுத்து வந்து மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இடது பக்கம் போயிருச்சு வே."

"எங்க போச்சுன்னும் தெரியும். மெல்பா டீச்சர் வீட்டுக்கு."

தவசிமுத்து டார்ச்சை அணைத்தார். "போன பக்கம் ஒரு நல்ல வீடாப் பாத்துப் போயிருக்கே, அதை நெனச்சுச் சந்தோசப்படும். சில பெட்டியில போனா எங்க போச்சுன்னே தெரியாது," என்று சொல்லிவிட்டு மூடியை மறுபடி முறுக்கினார்.

ஆம்ப்ளிஃபயர் அணைந்து கிடந்தது, பீரோ வாயைத் திறக்கவில்லை, மெல்பா டீச்சர் வீட்டில் அவர் ஆசைப்பட்ட அமைதி மறுபடி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது. டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. சேலை எடுக்கப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு நொடி காத்திருந்தார். வேண்டாத நேரத்தில் திறந்து பார்த்தார். கடைசியில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கிழக்கு முனைக்கு வந்து நின்றார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"நீங்கதானே டீச்சர் நிறுத்தச் சொன்னீங்க."

"சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்," என்றார் டீச்சர், வாழ்க்கையில் முதல் பொய்யை நிமிர்ந்து நின்றபடி. "நிறுத்தச் சொல்லல."

இப்படியாக நங்கூரத் தெருவில் சாயங்காலந்தோறும் பாட்டு பாதி பாதியாகக் கேட்க ஆரம்பித்தது. கிழக்கு முனைக்காரர்கள் குரலைக் கேட்டார்கள், வார்த்தை வார்த்தையாக, வரிக்கு வரி பாடகி இழுக்கிற மூச்சுச் சத்தம் உட்பட. மேற்கு முனைக்காரர்கள் வாத்தியத்தைக் கேட்டார்கள், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் எந்தத் தபலா அடி விழும் என்பது வரை. பீரோ எப்படிப் பாடுகிறது என்று அந்தத் தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை, இன்றைக்கு என்ன பாட்டு என்றுதான் கேட்டார்கள். கிழக்கே பிறந்த பிள்ளைகள் வாய் பேசும்போதே சரணத்தை ஒப்பித்தன, மேற்கே உள்ள பிள்ளைகள் பசித்து அழும்போதுகூடத் தாளத்தில் அழுதன. மேற்கிலிருந்து கிழக்கே வாக்கப்பட்டுப் போன ஒரு பெண், தனக்கு நன்றாகத் தெரிந்த வயலின் மெட்டுக்கு இப்படி ஒரு சோகமான வரி இருந்திருக்கிறதா என்று மாமியார் தோளில் சாய்ந்து தேம்பினாள். டீச்சர் வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரி, பீரோக் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைக்கச் சொல்லி, மீன் குழம்பு கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டு முனைக்கும் சரிநடுவில் இசக்கியப்பனின் டீக்கடை இருந்தது. கிழக்கிலிருந்து வருகிற குரலும் மேற்கிலிருந்து வருகிற வாத்தியமும் ஒன்றையொன்று சந்தித்துக் கைகோத்து ஒரு முழுப் பாட்டாக ஆகிற இடம், அந்தக் கடையின் பாய்லருக்கு முன்னால், இரண்டு பெஞ்சு போடுகிற அகலத்துக்குத்தான் இருந்தது. ஒரு எட்டு கிழக்கே தள்ளினால் பாடகி தனியாக நிற்பாள், ஒரு எட்டு மேற்கே தள்ளினால் அவளைக் காணோம். அந்த இடத்துக்காக ஆட்கள் வந்தார்கள், துறைமுகத்து லாரிக்காரர்கள் வந்தார்கள், பேசாமல் இருந்த சம்பந்திகள் வேறு வழியில்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இசக்கியப்பன் பாலில் தண்ணீர் ஊற்றக்கூட மறந்துபோனான்.

கஸ்பாரும் டீச்சரும்கூட அங்கேதான் வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? தட்டை வைத்து ஊசியை இறக்கிவிட்டுக் கஸ்பார் வீட்டைச் சாத்திக்கொண்டு மேற்கே நடப்பார், பீரோவைத் திறந்துவிட்டு டீச்சர் கிழக்கே நடப்பார், முன்னிசை முடிவதற்குள் இரண்டு பேரும் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். ஆக, இரண்டு வீட்டிலும் ஆள் இல்லாமல் பாட்டு நடந்தது.

"நான் வீட்டுல ஏன் ஒரு சத்தமும் வைக்கல தெரியுமா சார்?" என்றார் டீச்சர் ஒரு நாள். "பள்ளிக்கூடத்துல நான் கத்துனாத்தான் எதுவும் நடக்கும். நான் கத்தாம ஒண்ணு தானா நடந்து பாத்ததே இல்ல."

"இப்ப நடக்குதா?"

"நடக்கு," என்றார் டீச்சர், டம்ளரைப் பார்த்தபடி. "நான் வீட்டுக்குள்ள நொழையும்போதே எனக்கு முன்னால நடந்துக்கிட்டு இருக்கு."

கண்டெய்னர் நம்பராக இருந்தால் கஸ்பார் சரிபார்த்துச் சொல்லியிருப்பார். இன்னொரு டீ சொன்னார்.

தெரு இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பேருக்கும் முடித்துவைத்துவிடலாம் என்று பெண்கள் பேச ஆரம்பித்தபோது, இசக்கியப்பன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே கீழே வைத்தான். டீச்சர் பீரோவோடு கிழக்கே போய்விட்டால் முழுப் பாட்டும் கஸ்பார் வீட்டு முன்னறைக்குள் போய்விடும், கடை முன்னால் என்ன இருக்கும்? அவன் கஸ்பாரைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, தாராளமாக் கட்டிக்கிடுங்க, எனக்கு ரொம்பச் சந்தோசம். ஆனா ஒரே வீட்டுல மட்டும் இருந்துராதீங்க."

"நான் இன்னும் அவங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலியே இசக்கி."

"கேளுங்க, கேளுங்க. ஒரே வீட்டுக்கு வாங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

இதற்கிடையில் ஆம்ப்ளிஃபயருக்குச் சூடு ஏறிக்கொண்டு வந்தது. தவசிமுத்து சொன்னபடியேதான் ஏறியது, ஆனால் சூட்டிலும் பாதி இடது பக்கமாகப் போயிற்று. டீச்சரின் சேலைகள் பீரோவிலிருந்து எடுக்கும்போது இஸ்திரி போட்ட மாதிரி வெதுவெதுப்பாக இருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈரம் போகாத சட்டைகளையும் பள்ளிக்கூட யூனிஃபார்மையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஒருத்தி அப்பள மாவைக்கூடக் கொண்டுவந்தாள், டீச்சர் திருப்பி அனுப்பினார். தவசிமுத்து மட்டும் வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்து, கையை உதறி, "நிறுத்தி வையும் வே. வலது பக்கமும் மூச்சு வாங்குது. இது ஒரு நாள் பத்திக்கிடும்," என்றார்.

கஸ்பாருக்குத் தெரியும். முள் இரண்டும் துடிப்பதைப் பார்க்கிறார், குமிழ் கரகரப்பதைக் கேட்கிறார், தேக்குப் பலகையிலிருந்து ஒரு வாடை வருவதை மோந்து பார்க்கிறார். ஆனால் பெட்டியை நிறுத்தினால் சாயங்காலம் டீச்சர் எதற்குக் கிழக்கே நடந்து வருவார்? சும்மா வாங்க என்று கூப்பிட ஒரு தைரியம் வேண்டுமே, அது அவரிடம் இல்லை. இன்றைக்கு ஒரு நாள், இன்றைக்கு ஒரு நாள் என்று போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம், பெஞ்சு நிறைய ஆள், பாட்டு இரண்டாவது சரணத்தில் இருந்தது, அப்போது குரல் நின்றது. நின்றுவிட்டு, வயலின்கள் மட்டும் மேற்கிலிருந்து வந்தன, அவையும் கீச்சென்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயின. கிழக்கு முனையில் கஸ்பார் வீட்டு ஜன்னலிலிருந்து புகை வந்தது. மேற்கு முனையில் டீச்சர் வீட்டு ஜன்னலிலிருந்தும் புகை வந்தது.

இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள். தெரு பூராவும் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் இதில் யாருக்கும் இரண்டாம் கருத்து கிடையாது: கஸ்பார் கொரெரா தன் வீடு இருந்த கிழக்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேற்கே ஓடினார், மெல்பா டீச்சர் தன் வீடு இருந்த மேற்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிழக்கே ஓடினார்.

டீச்சர் ஓட்டக்காரி, முதலில் போய்ச் சேர்ந்தார். தோளால் இடித்துக் கதவைத் திறந்து, முந்தானையைக் கையில் சுற்றி, எரிகிற பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினார், ஜன்னல் திரையை இழுத்துக் கீழே போட்டு மிதித்தார், அம்பாரமாக இருந்த இசைத்தட்டுகளை வாரி வாசலுக்குத் தள்ளினார். கஸ்பார் மூச்சு வாங்க மேற்கே போய்ச் சேர்ந்து, சூடேறிய பீரோவுக்குள் இரண்டு கையையும் விட்டு, அதிலிருந்த எல்லாவற்றையும், சேலை, ரவிக்கை, உள்பாவாடை, அதற்கும் உள்ளே போடுகிறது, அடுத்த வீட்டு யூனிஃபார்ம், ஒன்று விடாமல் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நடந்து டீக்கடை வரை வந்துவிட்டார். டீச்சர் அந்தப் பக்கமிருந்து வந்தார், உள்ளங்கை வெந்து சிவந்திருந்தது.

"உங்க கை," என்றார் கஸ்பார்.

"எங் கையை விடுங்க. எல்லாரும் பாக்காங்க, அதைக் கொண்டு உள்ள வைங்க."

"எந்த வீட்டுக்குள்ள?"

இசக்கியப்பன் பாய்லரைப் பிடித்துக்கொண்டு நின்றான். டீச்சர் கஸ்பாரைப் பார்த்தார், அவர் கையிலிருந்த தன் துணிகளைப் பார்த்தார், கரி படிந்த அவர் வெள்ளை பனியனைப் பார்த்தார்.

"இப்போதைக்குப் பீரோ எங்க இருக்கோ அங்க," என்றார். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே தானாக நடக்கிற ஒரு காரியத்தைப் போல, "பீரோவைப் பெறகு உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துக்கிடலாம்," என்றார்.

மறுநாள் தவசிமுத்து வந்து எரிந்த பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரே கரி. "வலது பக்கமும் போயிருச்சு வே," என்றார். அது எங்கே போயிருக்கும் என்று இசக்கியப்பன் தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஏறிப் பீரோவைத் திறக்கச் சொன்னான், டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னான், அரிசி டின்னுக்குள் காதை வைத்துப் பார்த்தான். எங்கேயும் இல்லை. இது வெறுமனே போனது.

மாதா கோயிலில் பூசைக்கு நடுவே, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்தார்கள். தெருவே சந்தோஷப்பட்டது, ஆனாலும் சாயங்காலம் ஆனால் ஜனங்கள் பழக்க தோஷத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். கஸ்பார் எல்லாரிடமும் தான் ஏதோ பறித்துக்கொண்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். "இன்னொரு பெட்டி வாங்கிப் பாக்கவா?" என்று டீச்சரிடம் கேட்டார். "அதுக்கும் ஒரு பக்கம் போயி, அது வேற எவ வீட்டுக்காவது போகணுமா?" என்றார் டீச்சர்.

கல்யாணத்தன்று காலையில் கோட்டும் சூட்டுமாகக் கஸ்பார் வாசலில் இறங்கியபோது, கிழக்கு முனைக்காரர்கள் அத்தனை பேரும் அவருக்குப் பின்னால் சேர்ந்தார்கள். யார் ஆரம்பித்தது என்று பின்னால் எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு கிழவர் அந்த முதல் தட்டின் முதல் வரியைப் பாடினார், பக்கத்திலிருந்தவள் இரண்டாம் வரியை எடுத்தாள், அப்புறம் எல்லாரும் பாடினார்கள், வார்த்தை பிசகாமல், மூச்சு விடுகிற இடத்தில் ஒன்றாக மூச்சு விட்டு. அதே நேரத்தில் மேற்கு முனையில், கையில் கட்டுப் போட்ட மெல்பா டீச்சருக்குப் பின்னால் வந்தவர்கள், வார்த்தை ஒன்றுகூடத் தெரியாதவர்கள், வாயாலேயே வயலின் வாசித்தார்கள். மூக்கை அடைத்துக்கொண்டு புல்லாங்குழல் ஊதினார்கள். தொடையிலும் தகர டப்பாவிலும் தபலா போட்டார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி வந்துகொண்டே இருந்தன. முதலில் சேரவில்லை. கிழக்கே அவசரப்பட்டது, மேற்கே பின்தங்கியது. மணப்பெண் பூச்செண்டைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, கட்டுப் போட்ட கையை உயர்த்தி, "ஏ கிழக்கே, மெல்ல! ஓடாதீங்க!" என்று கத்தினார். கிழக்கே மெல்ல வந்தது. டீக்கடைக்கு முன்னால் குரலும் வாத்தியமும் மோதிக் குழம்பி, பிரிந்து, மறுபடி மோதி, அப்புறம் ஒட்டிக்கொண்டன.

ஒட்டிக்கொண்டதை விட யாருக்கும் மனசில்லை. பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டை எடுத்தார்கள். கோயிலில் பங்குச் சாமியார் பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், மெழுகுவர்த்தி உருகிக்கொண்டிருந்தது, அவர் மணியடிக்கிற கோயில் பிள்ளையை அனுப்பினார், அவன் திரும்பவில்லை, ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரை அனுப்பினார், அவரும் திரும்பவில்லை. கடைசியில் பூசை உடுப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாமியாரே கோபமாகத் தெருவுக்கு வந்தார்.

"என்னா, இன்னைக்குக் கல்யாணம் உண்டா இல்லையா?" என்று கேட்டபடியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், பாய்லருக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்குக் கிழக்குக் காதில் குரல் வந்தது, மேற்குக் காதில் வயலின் வந்தது. அவர் தூக்கிப் பிடித்த உடுப்பை மெல்லக் கீழே விட்டார். மாப்பிள்ளை வியர்த்துப்போய் நின்றார், பெண் கையை அசைத்தபடி நின்றார், இசக்கியப்பன் ஒரு டம்ளரை நீட்டியபடி நின்றான். பாட்டு முடிந்தது. சாமியார் ஏசப்போகிறார் என்று எல்லாரும் தலையைக் குனிந்தார்கள்.

"நான் பாதியிலதான் வந்தேன்," என்றார் சாமியார், டம்ளரை வாங்கிக்கொண்டு. "முதல்லயிருந்து பாடுங்க."